ஜோசப் விட்வொர்த்

சர் ஜோசப் விட்வொர்த் (டிசம்பர் 21, 1803 – ஜனவரி 22, 1887) இங்கிலாந்தைச் சேர்ந்த இயந்திரப் பொறியியலாளர், தொழிலதிபர், கொடையாளர் ஆவார். திருகாணிகளின் மரைகளுக்கு இவர் 1841ஆம் ஆண்டில் முன்மொழிந்த சீர்தரம், உலகின் முதல் தேசிய மரைச் சீர்தரமாகக் கருதப்படுகிறது. பொறியியல் மாணவர்கள் இவரைப் பெரும்பாலும் இந்த மரையின் பெயராலேயே அறிவர். இவரது வாழ்வின் மற்றொரு பெரும்பகுதி துப்பாக்கியின் துல்லியத்தைப் பற்றிய ஆய்வில் கழிந்தது. குழல், குண்டு, மருந்து, குறிபார்க்கும் அமைப்பு ஆகியவற்றைத் தனித்தனியே சிறப்பாகச் செய்தால் போதாது, ஒன்றுக்கொன்று பொருந்துமாறு அளந்து தெரிவு செய்யவேண்டும் என்பதைச் சோதனைகள் மூலம் நிறுவியவர்களுள் இவர் முதன்மையானவர். இலக்குச் சுடுதலுக்கான ரைபிளுக்குத் தோட்டாவும் தொலைநோக்கியும் தெரிவு செய்வதில் இன்றும் பின்பற்றப்படும் அணுகுமுறை இவருடைய ஆய்வுகளோடு நெருங்கிய தொடர்புடையது.

இளமை

விட்வொர்த் இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்தில் உள்ள ஸ்டாக்போர்ட் நகரில் பிறந்தார். தந்தை சார்லஸ் விட்வொர்த் பள்ளி ஆசிரியராகவும் பின்னர் கிறித்தவச் சபை போதகராகவும் இருந்தவர். தாயை இளம் வயதிலேயே இழந்த ஜோசப், பிராட்போர்டு அருகே உள்ள ஐடில் என்னும் ஊரில் கல்வி பயின்றார். பதினான்காம் வயதில் டெர்பிஷயரில் இருந்த உறவினர் ஒருவரின் பஞ்சாலையில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். ஆலையை நடத்தும் வேலையை விட அங்கிருந்த இயந்திரங்களே அவரை ஈர்த்தன. அவ்வியந்திரங்கள் எவ்வளவு துல்லியமின்றிச் செய்யப்பட்டிருந்தன என்பதையும் அவர் அங்கேயே கண்டார். சில ஆண்டுகளில் ஆலையை விட்டு வெளியேறி மான்செஸ்டரில் இயந்திரத் தொழிலாளியாக வேலைக்குச் சேர்ந்தார்.

1825இல் பிரான்சஸ் ஆங்கர்ஸ் என்பவரை மணந்து இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அங்கு, அக்காலத்தின் தலைசிறந்த இயந்திரக் கருவி வல்லுநரான ஹென்றி மாட்சிலேயின் பட்டறையில் பணியாற்றினார். பின்னர் ஹோல்ட்சாப்பெல், ஜோசப் கிளெமென்ட் ஆகியோரின் பட்டறைகளிலும் வேலை செய்தார். சார்லஸ் பாபேஜின் கணிப்பொறிக்கான உறுப்புக்களைச் செய்துவந்தவர் இந்தக் கிளெமென்ட் ஆவார்.

மான்செஸ்டர் பட்டறை

1833இல் விட்வொர்த் மான்செஸ்டருக்குத் திரும்பிச் சொந்தப் பட்டறை தொடங்கினார். இப்பட்டறையில் உருவான மூன்று பணிகள் பொறியியலின் போக்கை மாற்றின.

முதலாவது, உண்மையான சமதளம். அக்காலத்தில் உலோகத் தகடுகளைத் தேய்த்துச் சமதளமாக்குவது வழக்கம். இரு தகடுகளை மட்டும் ஒன்றோடொன்று தேய்த்தால் ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் பொருந்திவிடக்கூடும். மூன்று தகடுகளை மாற்றி மாற்றி இணை சேர்த்து, மேடான இடங்களைச் சாயத்தால் கண்டறிந்து, அவ்விடங்களை மட்டும் சுரண்டி எடுத்தால் மூன்றும் சமதளமாவது தவிர வேறு வழியில்லை. இம்முறையின் வேர் மாட்சிலேயின் பட்டறையில் உள்ளது என்பாரும் உளர். இதனை முறைப்படுத்தி, 1840இல் கிளாஸ்கோவில் நடந்த பிரித்தானிய அறிவியல் கழகக் கூட்டத்தில் விளக்கியவர் விட்வொர்த்.

இரண்டாவது, அளவி. அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டைக் காட்டவல்ல அளவியை இவர் 1850களில் செய்துகாட்டினார். கோடுகளைக் கண்ணால் பார்த்து அளப்பதற்கு மாறாக, நுண்ணிய திருகாணி ஒன்றின் முனை பொருளைத் தொடும் உணர்வைக் கொண்டு அளக்கும் முறை இது.

மூன்றாவது, மரைச் சீர்தரம். அதுவரை ஒவ்வொரு பட்டறையும் தனக்கெனத் தனி மரையை வைத்திருந்தது. ஓரிடத்தில் செய்த திருகாணி மற்றோரிடத்து மரையாணியில் பொருந்தாது. பல பட்டறைகளின் மரைகளைத் திரட்டி ஒப்பிட்ட விட்வொர்த், 55 பாகைக் கோணமும் வளைந்த முகடும் கொண்ட மரையை 1841இல் முன்மொழிந்தார். ஒவ்வொரு விட்டத்திற்கும் அங்குலத்திற்கு எத்தனை மரைகள் என்பதையும் வரையறுத்தார். கால் அங்குலத் திருகாணிக்கு 20, அரை அங்குலத்திற்கு 12, ஓர் அங்குலத்திற்கு 8 என்பன அவற்றுட் சில. இந்தியத் தொழிற்கூடங்களிலும் மெட்ரிக் அளவு வரும்வரை இம்மரையே பெரிதும் வழங்கிவந்தது. ஒளிப்படக் கருவியை முக்காலியில் பொருத்தும் கால் அங்குலத் திருகாணி இம்மரபின் எச்சமாகும்.

துப்பாக்கி ஆய்வின் பின்னணி

1850களில் பிரித்தானிய இராணுவம் என்பீல்டு 1853 வகை ரைபிளுக்கு மாறிக்கொண்டிருந்தது. ரைபிள் என்பது குழலின் உட்புறத்தில் சுருள் வடிவில் புரிகள் வெட்டப்பட்ட துப்பாக்கி. புரிகள் குண்டைச் சுழலச் செய்வதால் அது பம்பரம்போல் நிலைபெற்றுச் செல்கிறது. என்பீல்டு ரைபிள்கள் அப்போது பெரும்பாலும் கைத்தொழிலாளர்களால் செய்யப்பட்டன. ஒரே கையால் செய்யப்பட்டவற்றுள்ளும் ஒன்று நன்றாகச் சுட்டது, மற்றொன்று சுடவில்லை. அதற்கான காரணம் எவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

கிரிமியப் போர் தொடங்கிய காலத்தில், 1854இல், இந்த ரைபிள்களைப் பெருமளவில் செய்வதற்கான இயந்திரங்களை வடிவமைக்குமாறு அரசு விட்வொர்த்தை அணுகியது. நல்ல ரைபிளின் அளவுகள் எவை என்று தெரியாமல் அதைச் செய்யும் இயந்திரத்தை வடிவமைக்க இயலாது என்பது அவருடைய நிலைப்பாடு. முதலில் ஆய்வு, பிறகே இயந்திரம் என்றார். இதனை ஏற்றுக்கொண்டு ஆதரவளித்தவர் அப்போதைய பிரித்தானியப் படைத்தலைவர் ஹார்டிங் பிரபு. இவர் 1844 முதல் 1848 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்தவர். ஆய்வுச் செலவை அரசு ஏற்றது.

சோதனைக்கூடம்

மான்செஸ்டர் புறநகரில் இருந்த தம் இல்லத்தின் நிலத்தில் 500 கெஜம் (சுமார் 457 மீட்டர்) நீளமுள்ள மூடிய கூடம் ஒன்றை விட்வொர்த் கட்டினார். காற்றின் விளைவை நீக்குவதே இதன் நோக்கம். முதலில் எழுப்பிய கூடம் புயலில் சிதைந்தது. அதனை மீண்டும் கட்டி, 1855இல் சோதனைகளைத் தொடங்கினார். கூடத்தின் வழிநெடுக மெல்லிய தாள் திரைகள் இடைவெளிவிட்டுத் தொங்கவிடப்பட்டன. குண்டு ஒவ்வொரு திரையிலும் ஏற்படுத்திய துளையைக் கொண்டு அது சென்ற பாதையை வரையமுடிந்தது. குண்டு நேராகச் செல்கிறதா, பக்கவாட்டில் சாய்ந்து செல்கிறதா என்பதையும் துளையின் வடிவமே காட்டியது.

துப்பாக்கியை மனிதர் தோளில் வைத்துச் சுடாமல் அசையாத தாங்கியில் பொருத்திச் சுட்டது இவ்வாய்வின் மற்றொரு சிறப்பு. சுடுபவரின் பிழையைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால், எஞ்சும் சிதறல் முழுவதும் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உரியது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கூற்றை மட்டும் மாற்றிச் சுட்டுப் பார்ப்பதை அவர் வழக்கமாகக் கொண்டார்.

குழலும் குண்டும்

என்பீல்டு ரைபிளின் குழல் விட்டம் 0.577 அங்குலம் (சுமார் 14.7 மில்லிமீட்டர்). அதன் புரி 78 அங்குலத்திற்கு ஒரு சுற்று என மெதுவாகச் சுழன்றது. விட்வொர்த் வந்தடைந்த குழல் விட்டம் 0.451 அங்குலம் (சுமார் 11.5 மில்லிமீட்டர்). புரி 20 அங்குலத்திற்கு ஒரு சுற்று. குண்டின் எடை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே, அதாவது 530 கிரெயின் (சுமார் 34 கிராம்). எடையைக் குறைக்காமல் விட்டத்தைக் குறைத்ததால் விட்வொர்த்தின் குண்டு நீண்டு, விட்டத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம் பெற்றது. மெலிந்து நீண்ட குண்டு காற்றின் தடையை எளிதில் கடந்து, தொலைவிலும் வேகத்தைத் தக்கவைத்துக் கொள்ளும்.

ஆயினும் நீண்ட குண்டு எளிதில் தலைகுப்புறப் புரளும் தன்மையுடையது. அதனை நிலைநிறுத்த விரைந்த சுழற்சி தேவை. இரு ரைபிள்களிலும் குண்டு வினாடிக்கு 1,200 அடி வேகத்தில் வெளியேறுவதாகக் கொண்டால், என்பீல்டின் குண்டு வினாடிக்குச் சுமார் 185 சுற்றும் விட்வொர்த்தின் குண்டு 720 சுற்றும் சுழலும்.

குண்டின் நீளத்திற்கும் தேவையான சுழற்சிக்கும் உள்ள தொடர்பு அப்போது சூத்திரமாக எழுதப்படவில்லை. 1879இல் உல்விச்சைச் சேர்ந்த கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் கிரீன்ஹில் அதனை எளிய சூத்திரமாக்கினார். நீளத்தை விட்டத்தால் வகுத்து, வரும் எண்ணால் 150ஐ வகுத்தால், புரியின் ஒரு சுற்று எத்தனை விட்ட நீளத்தில் அமையவேண்டும் என்பது கிடைக்கும். விட்வொர்த்தின் குண்டுக்கு இது 50 விட்டம், அதாவது சுமார் 22½ அங்குலம். சூத்திரம் இல்லாமல் சோதனையால் மட்டுமே விட்வொர்த் கண்ட 20 அங்குலம் இதற்கு மிக அருகில் உள்ளது.

குழலின் குறுக்குவெட்டை அவர் வட்டமாக வைக்காமல் அறுகோணமாக அமைத்தார். குண்டும் அதே அறுகோணத் திருகு வடிவில் செய்யப்பட்டது. புரியின் கூரிய விளிம்புகள் ஈயத்தைக் கிழிப்பதற்கு மாறாக, குண்டின் முழுப்பக்கமும் குழலின் முழுப்பக்கத்தில் அழுந்திச் சுழலும். மென்மையான ஈயத்தால் செய்த உருளைக் குண்டுகளையும் இதில் பயன்படுத்தலாம். மருந்து வெடிக்கும்போது அவை விரிந்து அறுகோண வடிவத்தை ஏற்றுக்கொள்ளும்.

தோட்டா

விட்வொர்த்தின் ரைபிள் குழல்வாய் வழியே நிரப்பப்படுவது. அக்காலத்தில் மருந்தின் அளவு சுடுபவரின் கையையும் நிரப்பும் விதத்தையும் பொறுத்து மாறுபட்டது. இதனைத் தவிர்க்க, அளந்த மருந்தையும் குண்டையும் ஒரே தாள் குழாயில் அடக்கிய தோட்டாவை அவர் வடிவமைத்தார். குண்டுக்கும் மருந்துக்கும் இடையே மசகிட்ட அடைப்பு வைக்கப்பட்டது. ரைபிளைச் செய்தவரே அதற்குரிய தோட்டாவையும் வரையறுத்தார் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

அன்றைய மருந்து கருமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றையும் கலந்து செய்யப்படும் இது, சிவகாசி, ஆனைக்குட்டம் வட்டாரத்துப் பட்டாசுத் தொழிலில் இன்றும் பழக்கமான பொருளாகும். கலவை விகிதம், குருணையின் அளவு, ஈரப்பதம் ஆகியவற்றுள் ஒன்று மாறினாலும் எரியும் வேகம் மாறிவிடும் என்பதைப் பட்டாசுத் தொழிலாளர் அறிவர். பட்டாசில் இது உயரத்தையும் ஓசையையும் மாற்றும். ரைபிளில் குண்டின் வேகத்தை மாற்றி, தொலைவில் குண்டு விழும் உயரத்தை மாற்றும். மேலும், கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சும். அக்கசடு குழலினுள் படிந்து, அடுத்த குண்டை உள்ளே தள்ளுவதைக் கடினமாக்கும். சிறிய விட்டமுள்ள, குண்டோடு நெருங்கிப் பொருந்தும் குழலில் இத்தொல்லை பெரிது. விட்வொர்த்தின் ரைபிளுக்கு எதிராகப் பின்னர் எழுந்த வாதங்களுள் இதுவும் ஒன்றாயிற்று.

தோட்டா வெறும் பொறியியல் சிக்கல் மட்டுமன்று என்பதையும் அதே காலம் காட்டியது. என்பீல்டு ரைபிளுக்கான தோட்டாவின் தாளைப் பல்லால் கடித்துத் திறக்கவேண்டும். அதில் பூசிய மசகு பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்தது என்ற செய்தி இந்தியச் சிப்பாய்களிடையே பரவியது. 1857 மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே ஆயுதம் ஏந்தினார். மே 10 அன்று மீரட்டில் புரட்சி வெடித்தது. ஆட்சிக்கெதிரான பல்வேறு மனக்குறைகள் குவிந்திருந்த சூழலில் தோட்டா அதற்கு உடனடிக் காரணமாயிற்று.

ஹைத் சோதனை

பாரக்பூருக்கும் மீரட்டுக்கும் இடைப்பட்ட அதே 1857 ஏப்ரலில், இங்கிலாந்தின் ஹைத் நகரிலுள்ள இராணுவத் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியில் என்பீல்டும் விட்வொர்த்தும் போர்த்துறை அமைச்சரின் முன்னிலையில் ஒப்பிடப்பட்டன. அவரை ஆதரித்த ஹார்டிங் பிரபு அதற்கு முந்திய ஆண்டே காலமாகியிருந்தார்.

500 கெஜத் தொலைவில் என்பீல்டு குண்டுகளின் சராசரி விலகல் 2.24 அடி (சுமார் 68 சென்டிமீட்டர்). விட்வொர்த்துக்கு அது 0.37 அடி (சுமார் 11 சென்டிமீட்டர்). அதாவது ஆறில் ஒரு பங்கு. 1,400 கெஜத் தொலைவில் என்பீல்டால் இலக்கைத் தொடவே இயலவில்லை. விட்வொர்த்தின் குண்டுகள் அங்கும் இலக்கில் விழுந்தன.

இராணுவம் ஏற்க மறுத்தமை

இவ்வளவு தெளிவான முடிவுக்குப் பின்னும் இராணுவம் இந்த ரைபிளைப் பொதுப் படைக்கலமாக ஏற்கவில்லை. குழல் விட்டம் போர்க்களத்திற்கு மிகச் சிறியது, கசடு விரைவில் சேர்கிறது, செய்வதற்குச் செலவு மிகுதி என்பன கூறப்பட்ட காரணங்கள். 1860களின் தொடக்கத்தில் வரையறுத்த எண்ணிக்கையில் செய்யப்பட்டுச் சில படைப்பிரிவுகளுக்குச் சோதனைக்காக வழங்கப்பட்டதோடு அது நின்றது.

இம்மறுப்பை அதிகாரிகளின் பிடிவாதம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. மழையிலும் சேற்றிலும் துடைக்க நேரமின்றி விரைந்து நிரப்பிச் சுடவேண்டிய படைவீரனுக்கு, எளிதாக உள்ளே செல்லும் தளர்வான குண்டே உதவும். சோதனைக்கூடத்தில் அளக்கப்பட்ட துல்லியம் ஓர் அளவுகோல் மட்டுமே. ரைபிளைத் தெரிவு செய்பவர் எந்தப் பயனுக்காகத் தெரிவு செய்கிறார் என்பதே முடிவைத் தீர்மானித்தது.

காலப்போக்கில் விட்வொர்த்தின் கருத்துகளுள் நிலைத்தது எது, நிலைக்காதது எது என்பதும் தெளிவாயிற்று. அறுகோணக் குழல் நிலைக்கவில்லை. ஆழம் குறைந்த புரிகளும் கடினப்படுத்திய ஈயக் குண்டும் அதே பயனைத் தரும் என்பதை வில்லியம் மெட்போர்டு என்னும் பொறியாளர் காட்டினார். ஆனால் சிறிய விட்டம், நீண்ட குண்டு, விரைந்த சுழற்சி என்னும் பொருத்தம் நிலைத்தது. 1871இல் பிரித்தானிய இராணுவம் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் விட்டம் 0.45 அங்குலம், புரி 22 அங்குலத்திற்கு ஒரு சுற்று. 1857இல் மிகச் சிறியது என்று தள்ளப்பட்ட விட்டத்தை இராணுவம் பதினான்கு ஆண்டுகளில் வந்தடைந்தது.

விம்பிள்டன் போட்டி

இராணுவம் தயங்கிய ரைபிளை இலக்குச் சுடுதல் ஆர்வலர்கள் வரவேற்றனர். பிரித்தானியத் தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் போட்டி 1860 ஜூலை 2 அன்று விம்பிள்டனில் தொடங்கியது. விக்டோரியா அரசி முதல் குண்டைச் சுட்டுப் போட்டியைத் தொடங்கி வைத்தார். அதற்கென விட்வொர்த்தின் ரைபிள் ஒன்று இயந்திரத் தாங்கியில் பொருத்தப்பட்டு, 400 கெஜத்தில் இருந்த இலக்கை நோக்கி முன்னரே குறி சரிசெய்யப்பட்டிருந்தது. அரசி பட்டுக் கயிற்றை இழுத்தபோது குண்டு இலக்கின் மையத்திலிருந்து சுமார் ஒன்றரை அங்குலத் தொலைவில் பதிந்தது. அவ்வாண்டு அரசியின் பரிசுக்கான இறுதிச் சுற்று விட்வொர்த் ரைபிள்களைக் கொண்டே நடத்தப்பட்டது. 19 வயது இளைஞரான எட்வர்ட் ராஸ் அதில் வென்றார்.

குறிபார்க்கும் தொலைநோக்கி

ஆயிரம் கெஜம் செல்லும் குண்டு கிடைத்தபின், அவ்வளவு தொலைவில் இலக்கைக் கண்ணால் தெளிவாகக் காண்பது அடுத்த சிக்கலாயிற்று. இதற்கான தீர்வு இந்தியாவில் பணியாற்றிய ஒருவரிடமிருந்து வந்தது. பம்பாய்ப் படையைச் சேர்ந்த அதிகாரி டேவிட் டேவிட்சன், இந்தியாவில் வேட்டைக்காகத் தம் துப்பாக்கிகளில் தொலைநோக்கி பொருத்திப் பழகியவர். பின்னர் பிரித்தானியாவில், 1862இல், அதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய தொலைநோக்கி விட்வொர்த் ரைபிள்கள் சிலவற்றில் பொருத்தப்பட்டது.

இது மெல்லிய நீண்ட குழாய். ரைபிளின் மேற்புறத்தில் வைக்காமல் இடப்பக்கத்தில் பொருத்தப்பட்டது. அதனால் வழக்கமான குறிமுனைகளும் மறைக்கப்படாமல் இருந்தன. முன்முனை ஓர் அச்சில் அசையும். பின்முனையை ஏற்றி இறக்கித் தொலைவுக்கேற்பக் குறியைச் சரிசெய்யலாம். உள்ளே இருக்கும் குறுக்கிழைகளை இலக்கின்மேல் வைத்துச் சுடவேண்டும். குறிமுனைகளைக் கொண்டு சுடும்போது பின்குறி, முன்குறி, இலக்கு என மூன்று வெவ்வேறு தொலைவுகளில் உள்ளவற்றைக் கண் ஒருசேர நோக்கவேண்டும். தொலைநோக்கியில் இலக்கும் குறுக்கிழையும் ஒரே தளத்தில் தோன்றுவதால் கண்ணுக்கு அத்துன்பம் இல்லை. இன்றளவும் தொலைநோக்கியின் தலையாய பயன் இதுவே. உருப்பெருக்கம் அதற்கு அடுத்ததுதான்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்

இத்துல்லியத்தின் மறுபக்கம் 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வெளிப்பட்டது. தென்மாநிலக் கூட்டமைப்பு சிறிய எண்ணிக்கையில் விட்வொர்த் ரைபிள்களைக் கடல் முற்றுகையை மீறி வரவழைத்தது. அவற்றுள் சில டேவிட்சன் தொலைநோக்கியுடன் வந்தன. சிறந்த குறிவீரர்களுக்கு மட்டுமே அவை கொடுக்கப்பட்டன. பீரங்கிப் படையினரும் அதிகாரிகளும் தாங்கள் பாதுகாப்பானது என்று கருதிய தொலைவில் சுடப்பட்டு விழுந்தனர். 1864 மே 9 அன்று ஸ்பாட்சில்வேனியாவில் கொல்லப்பட்ட வட மாநிலப் படைத்தலைவர் ஜான் செட்ஜ்விக், விட்வொர்த் ரைபிளால் சுடப்பட்டார் என்பது பரவலான கருத்து. விம்பிள்டனில் பரிசு பெற்றுத்தந்த அதே பண்பு இங்கு மனிதர்களைத் தொலைவிலிருந்து தேர்ந்தெடுத்துக் கொல்லப் பயன்பட்டது.

பீரங்கியும் எஃகும்

விட்வொர்த் அறுகோணக் குழலைப் பீரங்கிகளுக்கும் விரிவுபடுத்தினார். இதில் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் அவருக்குப் போட்டியாளராக விளங்கினார். இருவரின் பீரங்கிகளையும் ஒப்பிட அரசு தனிக்குழு அமைத்தது. பீரங்கிக் குழல்கள் வெடித்துச் சிதறுவதற்கு வார்ப்பில் உள்ள காற்றுக் குமிழிகள் காரணம் என்பதைக் கண்ட விட்வொர்த், உருகிய எஃகை நீரழுத்தப் பொறியால் அழுத்தி இறுகச் செய்யும் முறையை உருவாக்கினார். இவ்வெஃகு கப்பல்களின் இயக்குதண்டுகள் செய்யவும் பயன்பட்டது. இவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், 1897இல், இரு போட்டியாளர்களின் நிறுவனங்களும் ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் என்ற பெயரில் ஒன்றிணைந்தன.

கொடையும் இறுதிக்காலமும்

1856இல் இயந்திரப் பொறியாளர் கழகத்தின் தலைவராகவும் 1857இல் வேந்தியக் கழகத்தின் உறுப்பினராகவும் விட்வொர்த் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1869இல் பாரனெட் பட்டம் பெற்றார். 1868இல் ஓர் இலட்சம் பவுண்டு நிதியில் பொறியியல் மாணவர்களுக்கான உதவித்தொகையை நிறுவினார். ஆண்டுக்கு 100 பவுண்டு வீதம் முப்பது பேருக்கு வழங்கும் திட்டம் அது. கோட்பாட்டு அறிவும் பட்டறைக் கைத்திறனும் ஒருங்கே வாய்ந்தவர்களே அதற்குத் தகுதியுடையவர்கள். அவ்வுதவித்தொகை இன்றும் தொடர்கிறது.

முதல் மனைவி பிரான்சஸ் 1870இல் காலமானார். 1871இல் மேரி லூயிசா ஆரெல் என்பவரை மணந்தார். விட்வொர்த்துக்குக் குழந்தைகள் இல்லை. உடல்நலம் குன்றிய காலத்தில் குளிர்காலத்தைத் தெற்கு ஐரோப்பாவில் கழித்துவந்த அவர், 1887 ஜனவரி 22 அன்று மான்டி கார்லோவில் காலமானார். டெர்பிஷயரின் டார்லி டேல் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற செல்வத்தால் மான்செஸ்டரில் விட்வொர்த் கலைக்கூடம் உருவானது. கிறிஸ்டி மருத்துவமனையும் அந்நிதியால் பயனடைந்தது.

இன்றைய இலக்குச் சுடுதலில்

கருமருந்தும் குழல்வாய் நிரப்பலும் பொது வழக்கிலிருந்து மறைந்துவிட்டன. ஆனால் விட்வொர்த்தின் ஆய்வுமுறை இலக்குச் சுடுதலில் தொடர்கிறது. ஆலையில் செய்த தோட்டாவைத் தெரிவு செய்பவர் முதலில் பார்ப்பது, தம் ரைபிளின் புரிச் சுழற்சி எந்த நீளமுள்ள குண்டுக்கு உரியது என்பதையே. நீண்ட குண்டை மெதுவான புரியில் சுட்டால் அது நிலைபெறாமல் இலக்குத்தாளில் சாய்வான துளையை ஏற்படுத்தும். விட்வொர்த்தின் தாள் திரைகள் காட்டிய குறை இதுவே.

அடுத்தது தோட்டாவின் சீர்மை. சர்வதேச விதிகளின்படி 50 மீட்டர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரே ஆலையில், ஒரே பெயரில் வரும் தோட்டாக்களிலும் ஒவ்வொரு தொகுதிக்கும் சிறு வேறுபாடு உண்டு. ஆகவே தேர்ந்த போட்டியாளர்கள் ரைபிளின் குழலை அசையாத தாங்கியில் பொருத்தி, பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, தம் குழலுக்கு இசைந்த தொகுதியை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கின்றனர். விலை உயர்ந்த தோட்டா என்பதும் தம் குழலுக்குப் பொருந்தும் தோட்டா என்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

தொலைநோக்கியைப் பொறுத்தவரை போட்டியின் விதியே முதலில் கவனிக்க வேண்டியது. ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் ரைபிளின்மேல் தொலைநோக்கி பொருத்த அனுமதியில்லை. துளைக்குறிகள் மட்டுமே பயன்படுத்தப்படும். தொலைநோக்கிக்கு இடமளிக்கும் பிற போட்டிகளில் நான்கு கூறுகள் கருதப்படுகின்றன. கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே போதிய இடைவெளி இருந்தால் பின்னுதைப்பில் கண் அடிபடாது. இலக்கின் தொலைவுக்கேற்ப இடமாறு தோற்றப் பிழையைச் சரிசெய்ய வசதி வேண்டும். திருகும் ஒவ்வொரு படிக்கும் குறி எப்போதும் ஒரே அளவு நகரவேண்டும். பொருத்தும் பிடி அசையக்கூடாது. பிடி தளர்ந்தால் பிழை தோட்டாவினுடையதா தொலைநோக்கியினுடையதா என்று பிரித்தறிய முடியாது. எனவே முதலில் பிடி, பிறகு தொலைநோக்கி, பிறகு தோட்டா என ஒவ்வொன்றாகவே மாற்றிச் சோதிக்கின்றனர்.

இந்தியாவில் இவ்விளையாட்டை 1951இல் தொடங்கப்பட்ட இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் நெறிப்படுத்துகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் சுவப்னில் குசாலே வெண்கலம் வென்றார். விட்வொர்த்தின் அறுகோணக் குழல் இன்று பொது வழக்கில் இல்லை. தாங்கியில் பொருத்தி, ஒன்றை மட்டும் மாற்றி, அளந்து பார்த்துத் தெரிவு செய்யும் முறை சுடுதளங்களில் நிலைத்திருக்கிறது.